மூடுபனி சூழும் மலை வீட்டுக்குச் சாம்பல் தோய்ந்த வெளிர்பச்சைச் சுவர் பொருந்துமா?

கேள்வி: கோத்தகிரிவாசி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டின் உட்புறத்துக்கு வரும் பிப்ரவரியில் புதிதாக வண்ணம் அடிக்க எண்ணியிருக்கிறோம். 1986இல் என் தந்தையார் கட்டிய வீடு இது. சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டியதால், பின்னறைச் சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையே மூன்றடி அகலச் சந்து மட்டுமே இருக்கிறது. கூடம் 16 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. அதன் பெரிய சன்னல் வடக்கே தேயிலையைப் பார்த்திருக்கிறது. தரை பழைய காவித் தரை. சுவரில் இப்போது இருப்பது பத்தாண்டுகளுக்கு முன் அடித்த வெளிர்நீல எமல்ஷன்.

சென்ற மாதம் கோயம்புத்தூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர்கள் கூடத்துச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. கண்ணை உறுத்தாத, வெயில் பட்ட இடத்தில் இலைபோலவும் நிழலில் கல்போலவும் தெரிகிற ஒரு மெல்லிய நிறம். கடைக்காரர்கள் அதைச் சேஜ் என்கிறார்கள். அதன் ஷேட் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, இங்கே கடையில் அதே எண்ணுள்ள நிறமாதிரி அட்டையை வாங்கி எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். அங்கே அவ்வளவு இதமாக இருந்த நிறம் இங்கே பூச்சு காயாத சிமெண்ட் சுவரைப்போல் தெரிகிறது. மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கியபின் பார்த்தால் அதில் பச்சை இருப்பதாகவே தோன்றவில்லை. ஆனால் அதே அட்டையைக் கையிலெடுத்துத் தரைக்கு அருகே குனிந்து பிடித்தால் பச்சை திரும்பி வந்துவிடுகிறது. இதற்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை.

என் தாயாருக்கு வயது 74. பகலிலும் விளக்குப் போடவேண்டியிருக்கும் வீட்டுக்கு வெள்ளையோ சந்தன நிறமோதான் சரி என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்த நிறத்தின்மேல் விழுந்த ஆசை எனக்குப் போகவில்லை. மலையில் இருப்பவர்கள் யாரேனும் இதை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பின்னறைச் சுவரில் ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடிக்கிறது. அங்கேயும் இதே நிறத்தை அடிக்கலாமா?

பதில் 1: குன்னூர் ஓவிய ஆசிரியை

அன்புச் சகோதரி, முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவள் நான். குன்னூரில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளில் இந்த நிறத்தோடு ஆறு ஆண்டுகளாக வாழ்கிறேன். உங்கள் அட்டையில் தவறில்லை, உங்கள் கண்ணிலும் தவறில்லை. நீங்கள் அதைப் பார்த்த வெளிச்சம் வேறு.

சனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், வடக்குச் சன்னலுக்கு நேர்வெயில் வருவதே இல்லை. வானத்தின் நீலச்சாயல் கொண்ட வெளிச்சம் மட்டுமே உள்ளே வருகிறது. மூடுபனி இறங்கினால் அதுவும் மங்கிவிடுகிறது. வெளிச்சம் குறையக் குறைய எந்த நிறமும் நம் கண்ணுக்குத் தன் செறிவை இழந்து சாம்பலை நோக்கிப் போகும். ஏற்கெனவே சாம்பல் தோய்ந்திருக்கும் பச்சையில் இழப்பதற்கு இருப்பதே கொஞ்சம்தான் என்பதால் அது முதலில் போய்விடுகிறது. கோயம்புத்தூரின் வெயில் வெளிச்சத்தில் அந்தக் கொஞ்சமும் உயிரோடு இருந்தது. மேல்நாட்டுக் குறிப்புகளில் வடக்கு அறை என்றால் ஆண்டு முழுவதும் குளிர்ந்த வெளிச்சம் என்று எழுதியிருப்பார்கள். நம் மலைக்கு அது முழுவதும் பொருந்தாது. நாம் ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே நீங்கள் அட்டையை ஒட்டிப் பார்த்தது அந்தக் கூடத்தின் மிக மங்கலான மாதத்தில். அந்த மாதத்தில் கண்ணுக்குப் பிடிக்கும் நிறம் மற்ற மாதங்களிலும் பிடிக்கும் என்பதால், இது தேர்வுக்கு நல்ல காலம்தான்.

இன்னொரு காரணம் சன்னலுக்கு வெளியே இருக்கிறது. கொழுந்து விட்ட தேயிலையின் பளீரென்ற பச்சையைப் பார்த்துப் பழகிய கண், உடனே சுவருக்குத் திரும்பும்போது அங்கிருக்கும் மெல்லிய பச்சையைப் பச்சையாகவே ஏற்பதில்லை. தரைக்கு அருகே நீங்கள் கண்டது இதன் மறுபுறம். காவியின் சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள். ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ருல் நெசவுச் சாயங்களை ஆராய்ந்து 1839இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். உங்கள் காவித் தரை இந்த நிறத்துக்குக் கிடைத்த பெரிய துணை. அதை முழுவதும் கம்பளம் விரித்து மூடிவிடாதீர்கள்.

சேஜ் என்ற ஒரே பெயரில் கடையில் பத்துப் பதினைந்து நிறங்கள் இருக்கும். அவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) இளந்தளிரைப்போல் நீலம் சாய்ந்தவை ஒரு வகை. சாம்பலும் கருமையும் மிகுந்தவை இன்னொரு வகை. நீங்கள் கொண்டுவந்தது இதுவாகத்தான் இருக்கும். பச்சைக் கல்பாசியின் மேற்புறத்தைப்போல, மருக்கொழுந்து இலையைப்போல, உள்ளே சிறிது மஞ்சளோ மண்நிறமோ கலந்தவை மூன்றாவது வகை. மூடுபனி ஊருக்கு இந்த மூன்றாவது வகைதான் நிற்கும். முதல் இரண்டும் எங்கள் வீட்டில் தோற்றன. ஒன்றை முழு அறைக்கும் அடித்து, மூன்று மாதம் பொறுத்து, மீண்டும் அடிக்கவேண்டியதாயிற்று. அட்டையில் எது எந்த வகை என்று தெரியாவிட்டால், அதே பட்டையின் அடியில் இருக்கும் மிக அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். மேலே ஒளிந்திருக்கும் சாயல் அங்கே வெளிப்படையாகத் தெரியும்.

அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டடிச் சதுர ஹார்டுபோர்டுப் பலகையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, பலகையைச் சுவர் சுவராக மாற்றி வைத்துப் பாருங்கள். அந்த வெள்ளை ஓரம் முக்கியம். இல்லாவிட்டால் சுற்றிலும் இருக்கும் பழைய நீலம் உங்கள் கண்ணை ஏமாற்றும். காலை ஏழு மணி, நண்பகல், மூடுபனி இறங்கிய மாலை, விளக்கு வைத்த இரவு ஆகிய நான்கு வேளையும் பார்க்கவேண்டும். விளக்கையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் தொங்குவது 6500 கெல்வின் வெள்ளை பல்பு. வெளிச்சத்தின் சாயலைக் குறிக்கும் இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். அதன் கீழ் இந்த நிறம் இரவிலும் சிமெண்டாகவே இருக்கும். 3000 கெல்வின் பல்பு போட்டால் உள்ளிருக்கும் மஞ்சள் மேலே வரும். நிறங்காட்டும் தரத்தை சி.ஆர்.ஐ. என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அது 90க்கு மேல் இருந்தால் நல்லது.

உங்கள் தாயார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பல நிறுவனங்கள் 0 முதல் 100 வரையிலான எல்.ஆர்.வி. எண்ணாகத் தருகின்றன. உங்கள் கூடத்துக்கு அது 60க்குக் குறையவேண்டாம் என்பது என் கருத்து. கூரைக்கும் சன்னல் சட்டங்களுக்கும் நீலம் கலந்த தூய வெள்ளையைத் தவிர்த்து, பாலேட்டின் நிறத்திலிருக்கும் வெள்ளையை எடுங்கள். திரைக்குச் சாயமிடாத கோராத் துணி போதும். எங்கள் கூடத்தில் சாய்வுநாற்காலியின்மேல் தோடர் சால்வை ஒன்றைப் போட்டிருக்கிறேன். வெண்ணிறப் பருத்தியில் அவர்கள் இழைக்கும் சிவப்பும் கறுப்புமான பூவேலை இந்தச் சுவருக்கு முன்னால் எடுப்பாகத் தெரிவதைப்போல் வேறெந்தச் சுவருக்கு முன்னாலும் தெரிந்து நான் பார்த்ததில்லை.

பதில் 2: கொடைக்கானல் பெயிண்டர்

வணக்கம் அம்மா. டீச்சர் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மலையில் வேலை செய்கிறேன். நிறம் சரியில்லை என்று என்னைத் திரும்ப அழைத்தவர்களைவிடப் பூச்சு உரிந்துவிட்டது என்று அழைத்தவர்களே அதிகம்.

பின்னறையில் உங்களுக்கு வருவது எந்த ஈரம் என்று முதலில் தெரியவேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவையுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்பக்கம், அதாவது சுவரைத் தொட்டிருந்த பக்கம் நனைந்திருந்தால், மண்மேட்டு நீர் சுவர் வழியாக வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் நனைந்திருந்தால், மூச்சும் சமையல் ஆவியும் வெந்நீர் ஆவியும் குளிர்ந்த சுவரில் படிகின்றன. இரண்டாவதற்கு மருந்து சன்னலைத் திறப்பதும் வெண்டிலேட்டரை அடைக்காமல் இருப்பதும்தான். முதலாவதற்கு உள்ளே என்ன விலையுயர்ந்த வண்ணம் அடித்தாலும் பயனில்லை. உள்பக்கம் மூடினால் நீர் வேறு இடம் தேடி வெளிவரும். வரும்போது சுவரிலுள்ள உப்பையும் கொண்டுவந்து, சுவரைச் சமன்செய்யப் பூசிய பட்டிக்குப் பின்னால் பூக்கவிடும், பட்டி பொரிந்து விழும்.

நீங்கள் சொல்லும் மூன்றடிச் சந்தில்தான் வேலை இருக்கிறது. அங்கே மண்ணும் சருகும் சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் கட்டியபோது தாழ்வாக இருந்த சந்து, ஆண்டுதோறும் சரிந்த மண்ணால் ஓரடி உயர்ந்திருக்கும். 2009 நவம்பர்ப் பெருமழைக்குப் பிறகு நீலகிரியில் மண்மேட்டுக்குப் பலர் தடுப்புச்சுவர் கட்டினார்கள். உங்கள் பின்புறத்திலும் இருந்தால், அதில் நீர் வடியும் துளைகள் வேர் அடைக்காமல் திறந்திருக்கின்றனவா என்று குச்சியை விட்டுப் பாருங்கள். சந்தை உள்தரைக்கு அரையடி கீழே தோண்டி, சரிவு கொடுத்துச் சிமெண்ட் வாய்க்கால் போட்டு, நீரை வீட்டின் பக்கவாட்டில் இறக்கிவிடவேண்டும். அதன்பின் ஒரு கோடை முழுதும் சுவர் காயட்டும். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிடைக்கும் உலர்ந்த நாள்களை விட்டுவிடாதீர்கள்.

கூடம் உலர்ந்திருந்தால் இப்போதே தொடங்கலாம். பூஞ்சைக் கறை எங்கே இருந்தாலும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, தூளாகப் பறந்து வீடெங்கும் பரவும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிந்த நீரைப் பூசி, கால் மணி நேரம் விட்டு, கழுவித் துடைத்துக் காயவையுங்கள். கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். அதோடு கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்துவிடவே கூடாது, நச்சுவாயு வரும். பட்டி பார்ப்பதானால் வெள்ளைச் சிமெண்ட் பட்டியே மலைக்கு ஏற்றது. காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் கோட்டை முடித்துவிடவேண்டும். மூடுபனி உள்ளே வரும் நேரத்தில் அடித்தால் பூச்சு திட்டுத்திட்டாகக் காயும். சமவெளியில் நான்கு மணி நேரத்தில் அடுத்த கோட் என்பார்கள். நான் இங்கே ஓர் இரவு விடாமல் இரண்டாவது கோட் தொடுவதில்லை.

ஒரு செய்தியைக் கட்டாயம் சொல்லவேண்டும். 1986 வீடு என்றால் கதவு சன்னலில் பழைய ஆயில் பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளையே பயன்படுத்துங்கள். தூசி பறக்கக் கூடாது, குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

கூடத்துச் சுவர், கதவு சன்னல் கழித்து ஏறக்குறைய 460 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு நான்கு லிட்டர் ஆகும். ஐந்து வாங்கி, ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் கலக்கச் சொல்லி, எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்தபின் தொடங்குங்கள். இந்த மாதிரி மெல்லிய நிறத்தில் டப்பாவுக்கு டப்பா வேறுபாடு வந்தால் சுவரின் நடுவில் கோடுபோல் தெரியும். மிச்சத்தை மூடி வையுங்கள், பின்னால் அங்கங்கே தொட்டுத் திருத்த உதவும். பழைய சுவர் மேடுபள்ளமாக இருந்தால் பளபளப்பில்லாத மேட் பூச்சுதான் நல்லது.

பதில் 3: தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

பழனிமலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் எங்கள் பழைய வீடு கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. அதில் இதே நிறத்தைச் சுண்ணாம்பிலேயே கொண்டுவந்தோம் என்பதால் எழுதுகிறேன். நீர்த்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரைத்து, குரோமியம் ஆக்சைடு பச்சைப் பொடியும் மஞ்சள் காவியும் மிகச் சிறிதளவு கருப்பு ஆக்சைடும் சேர்த்தோம். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறப்பொடிகள் இவை. மற்றப் பொடிகள் பல வெளுத்துவிடும். பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். சுவரை நனைத்துவிட்டு மெல்லிய கோட்டாக மூன்று முறை அடிக்கவேண்டும். ஈரத்தில் அடர்பச்சையாகத் தெரிவது கண்டு அஞ்சவேண்டாம். காய்ந்தபின் பல மடங்கு வெளிறிவிடும். அதனால் ஓர் ஓட்டுத்துண்டில் அடித்து வெயிலில் காயவைத்துப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானித்தோம்.

சுண்ணாம்பு நீராவியை அடைத்து வைக்காது. அதன் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிப்பதும் இல்லை. உங்கள் பின்னறைக்கு இது ஏற்றது. ஆனால் இருக்கும் எமல்ஷன்மேல் இது நிற்காது, முழுவதையும் சுரண்டவேண்டும். அடிக்கும்போது கண்ணாடி அணியுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. கூடத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன், சாய்ந்து உட்காருபவர் உடையில் சற்று ஒட்டும்.

பதில் 4: உதகை மேட்டுவீடு

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் மட்டும் இந்த நிறத்தை அடித்தேன். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பரவியதை ஒரு மழைக்காலம் முழுவதும் கவனிக்கவில்லை. வெள்ளைச் சுவரில் முதல் வாரமே தெரியும் அந்தக் கறை, சாம்பல் பச்சையில் தன்னை மறைத்துக்கொள்கிறது. அடிப்பதானால் பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். மாதம் ஒருமுறை கைவிளக்கோடு பின்னால் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரிவாசி

டீச்சருக்கும் ஐயாக்களுக்கும் மிக்க நன்றி. பத்து நாள் செலவழித்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பிளாஸ்டிக் தாள் கூடத்தில் இருபுறமும் உலர்ந்திருந்தது. பின்னறையில் பிரித்தபோது, சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து, தாளின் கீழ்மடிப்பில் ஒரு கரண்டி அளவுக்குத் தேங்கியிருந்தது. மழை நின்று ஒரு மாதத்துக்குமேல் ஆன பின்பும் இவ்வளவு நீர். சந்தை அளந்தோம், பெயிண்டர் ஐயா சொன்னபடி, வெளித்தரை உள்தரையைவிட ஒன்பது அங்குலம் உயர்ந்து கிடக்கிறது. தந்தையார் போட்ட பழைய வாய்க்கால் மண்ணுக்கடியில் முழுதாக இருப்பதைத் தோட்ட வேலைக்கு வருபவர் கடப்பாறையால் தட்டிக் காட்டினார். இந்த வாரமே மண்ணை அள்ளத் தொடங்குகிறோம்.

மூன்று பலகைகள் அடித்தேன்: கோயம்புத்தூர் எண், நீலம் சாய்ந்த ஒன்று, மஞ்சள் கலந்த ஒன்று. மூடுபனி பகல் முழுவதும் விலகாத மூன்று நாள்கள் கிடைத்தன. முதலிரண்டும் அந்த நாள்களில் சுவரோடு சுவராகச் செத்துக் கிடந்தன. மூன்றாவது மட்டும் பச்சையை விடவில்லை. அதன் எல்.ஆர்.வி. 64. தாயாரிடம் எதுவும் சொல்லாமல் மூன்றையும் சாய்த்து வைத்து, கூடத்தில் 3000 கெல்வின் பல்பையும் மாற்றிவிட்டுக் கேட்டேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தொட்டு, "சில்வர் ஓக் இலையைத் திருப்பிப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும், இது இருக்கட்டும். கூரை மட்டும் வெள்ளையாக இருக்கவேண்டும்" என்றார்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் கூடத்தை மட்டும் அடிக்கிறோம், மேட் பூச்சில், ஐந்து லிட்டர். பின்னறையின் எமல்ஷனைச் சுரண்டிவிட்டுக் கோடை முழுவதும் வெறும் சுவராக விட்டுவைப்போம். பிறகு தாண்டிக்குடி ஐயா சொன்ன சுண்ணாம்புதான். மே இறுதியில் அங்கே தாளை மீண்டும் ஒட்டிப் பார்த்து இங்கே எழுதுகிறேன். ஐயா, சுண்ணாம்பு அடிக்கும் முன் பழைய சிமெண்ட் பூச்சைக் கொத்திவிட வேண்டுமா, அல்லது கம்பித்தூரிகையால் தேய்த்தால் போதுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

பூச்சைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒலித்தால் கம்பித்தூரிகை போதும். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு கலந்த காரையால் அடைத்து, அது நன்றாகக் காய்ந்தபின் அடியுங்கள்.